உங்களுக்கான குறியீட்டைக் கண்டறிவது எப்படி: ஆறு வார முழுமையான வழிகாட்டி

தினசரி நாட்காட்டியிலும் பஞ்சாங்கத்திலும் பல்லி விழும் பலன் அச்சிட்டிருக்கும். தலையில் விழுந்தால் இது, இடது தோளில் விழுந்தால் அது. கனவுப் பலன் புத்தகங்களும் இதே வழிதான்: பாம்பு வந்தால் ஒன்று, யானை வந்தால் வேறொன்று. குறியீடு என்ற பேச்சு எழுந்தாலே பலருக்கு இந்த வகைப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. பட்டியல் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் கண்ட பொருளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சொந்தப் பொருள் என்பது பார்த்து, எழுதி, வரைந்து, வீட்டில் வைத்துப் பழகித்தான் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு அதற்குத் தேவையானவை பக்கத்திலேயே இருக்கின்றன: எழும்பூர் அருங்காட்சியகம், ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமம், மெரினா, வாசற்கோலம், அடுக்களைப் பாத்திரம். இங்கே சொல்லும் முறைக்கு ஆறு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டால் கடைசியில் கையில் இருப்பது அழகான ஒரு படம் மட்டுமே. அது வேண்டுமென்றால் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

முதல், கரு, உரி

ஒரு பொருளுக்குள் அர்த்தம் எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தொல்காப்பியம் அளவுக்குத் தெளிவாகச் சொன்ன நூல் குறைவு. அகப்பாட்டின் உள்ளடக்கத்தை அது மூன்றாக வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் முதலானவை. உரிப்பொருள் என்பது மனத்தில் நடப்பது: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல்.

நெய்தல் திணையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் கடற்கரை, பொழுது எற்பாடு, மரம் புன்னையும் தாழையும், உரிப்பொருள் இரங்கல். புன்னை மரம் தன்னளவில் இரங்கலைக் குறிப்பதில்லை. கடற்கரை, பொழுது சாய்கிற நேரம், இன்னும் வராத ஒருவன் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் நிற்கும்போதுதான் அந்தத் துயரம் புன்னைமேல் ஏறுகிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் புன்னைதான். அதன் அடியில் உமை மயில் வடிவில் சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. மரம் ஒன்றே, இடமும் பொழுதும் மாறியதும் அது வேறொன்றைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

இன்றைய தெருவிலும் இதுவேதான் நடக்கிறது. கோயம்பேட்டில் ஒரே மூட்டையிலிருந்து பிரித்து விற்ற சாமந்தி, ஆயுதபூசை அன்று ஆட்டோவின் முன்கண்ணாடியில் மாலையாகத் தொங்குகிறது. சாலை நடுவே உதிரியாகச் சிதறிக் கிடந்தாலோ, கொஞ்ச நேரத்துக்கு முன் ஓர் இறுதி ஊர்வலம் போயிருக்கிறது என்று சென்னையில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பூசணிக்காயும் அப்படியே: சமையலில் காய், கட்டி முடியாத கட்டடத்தில் திருஷ்டி, முச்சந்தியில் உடைந்து கிடந்தால் இருசக்கர வண்டிக்காரருக்கு ஆபத்து.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதிதான்: எந்தப் பொருளையும் அதன் இடமும் நேரமும் இல்லாமல் எழுதாதீர்கள்.

தேவையானவை

கோடு போடாத நோட்டு ஒன்று, 100 பக்கம் போதும். 2பி பென்சில் இரண்டு. ஓர் அடி ஸ்கேல். கோலத்துக்குக் கால் கிலோ மாவு. வண்ணப் பேனா, ஸ்டிக்கர், விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு எதுவும் வேண்டாம். நோட்டு அழகாக இருந்தால் அதில் அழகாக மட்டுமே எழுதத் தோன்றும். இந்த வேலைக்கு அது பெரிய தடை.

முதல் மூன்று வாரம்: எழுதுவது

ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து பத்தியாகப் பிரியுங்கள்: பொருள், முதல் (இடம், நேரம், வானிலை), கரு (சுற்றி இருந்தவை), உடம்பு, உரி. கடைசிப் பத்தியை மூன்று வாரமும் காலியாகவே விடுங்கள்.

நாளுக்கு மூன்று பதிவு. அதில் ஒன்றாவது வீட்டுக்குள் பார்த்ததாக இருக்கட்டும். ஒன்றாவது எல்லோரும் குறியீடு என்று ஒப்புக்கொள்ளாத பொருளாக இருக்கட்டும். குத்துவிளக்கு, தாமரை, மயில், சிலுவை, பிறை ஆகியவற்றுக்குப் பொருள் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. பஸ் டிக்கெட், தண்ணீர்க் குடம், மொட்டைமாடிக் கொடிக்கயிறு, மெரினா கலங்கரை விளக்கத்தின் ஒளி உங்கள் சுவரில் பட்டு நகரும் கணம் போன்றவற்றில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

'உடம்பு' என்ற பத்தியைத் தவிர்க்காதீர்கள். என்ன உணர்ந்தேன் என்று மனத்தைக் கேட்டால் அது உடனே இரவல் சொல்லை எடுத்து நீட்டும்: அமைதி, தாய்மை, நம்பிக்கை. உடம்பு அவ்வளவு சுலபமாக இரவல் வாங்காது. நடை தளர்ந்ததா, பேச்சு பாதியில் நின்றதா, கை தானாக நீண்டதா, திரும்பிப் பார்த்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதிரிப் பதிவு:

பொருள்: எவர்சில்வர் தூக்கு. முதல்: அடுக்களை, காலை 5.45, மழை. கரு: மூடியில் வெட்டிய பெயர், பால் பாக்கெட், நனைந்த செருப்பு. உடம்பு: திறக்கப் போன கை பெயர்மேல் நின்றது. உரி: (காலி)

இரவு படுக்கும் முன் எழுதுவது நல்லது. பார்த்தவுடன் போனில் படம் எடுத்து, பிறகு படத்தைப் பார்த்து எழுதுவது வேண்டாம். படத்தில் எல்லாமே ஒரே அளவு தெளிவாக இருக்கும். நினைவிலிருந்து எழுதும்போது தங்குவது எது, நழுவுவது எது என்று தெரியும். தங்கியதுதான் இங்கே வேண்டியது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாகக் கெடுவது இரண்டு. ஒன்று, இரண்டாம் வாரத்தில் பதிவுகள் எல்லாம் மெட்ரோவிலும் சிக்னலிலும் பார்த்தவையாகவே இருக்கும். வேலைக்குப் போகிற வழியில்தான் எழுத நினைவு வருகிறது என்பதே காரணம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீட்டுக்குள் மட்டும் பாருங்கள், சரியாகிவிடும். மற்றது, ஒரு நாள் விட்டுப்போனதும் மறுநாள் ஆறு பதிவாக ஈடுகட்டுவது. அப்படி எழுதியதில் பாதி கற்பனையாக இருக்கும். விட்ட நாளை விட்டதாகவே வையுங்கள்.

சேர்த்துப் பார்ப்பது

மூன்று வார முடிவில் அறுபது பதிவு வரை சேர்ந்திருக்கும். ஒரே அமர்வில் வாய்விட்டுப் படியுங்கள். எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. வடிவத்தைத் தேடுங்கள். தூக்கு, பூட்டிய ஷட்டர், மூடிய குடை, உறையிலிட்ட கடிதம் நான்கும் வெவ்வேறு பொருள், நான்கும் மூடியவை. கொடிக்கயிறு, மின்கம்பி, பூச்சரம் மூன்றும் இரண்டு முனைக்கு நடுவே தொய்பவை. இப்படி ஒரு வடிவம் மூன்று முறைக்குமேல் வந்து, 'உடம்பு' பத்தியிலும் ஏதோ நடந்திருந்தால், அதுவே ஆராயத் தகுந்தது. இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி ஊர்ப்பொருள்: எல்லோரும் அதை எப்படிப் பார்க்கிறார்கள். இரண்டாவது வீட்டுப்பொருள்: உங்கள் குடும்பத்தில் அதற்கு என்ன இடம். மூன்றாவது என் பொருள். தூக்கு ஊருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பாத்திரம். வீட்டுக்கு, கல்யாணச் சீராக வந்தது, பெயரும் தேதியும் வெட்டியது, கடன் கொடுத்தால் திரும்பி வந்தாக வேண்டியது. மூன்றாம் வரி எழுத உங்களைத் தவிர யாரும் இல்லை.

இரண்டாம் வரிக்குப் பெரியவர்களைக் கேட்கத்தான் வேண்டும். "இதுக்கு என்ன அர்த்தம் பாட்டி?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் சாஸ்திரம்தான்டா" என்று முடிந்துவிடும். "இந்தப் பேரை எந்தக் கடையில வெட்டினீங்க? யார் கூட வந்தாங்க?" என்று கேளுங்கள். பொருளின் வரலாற்றைக் கேட்டால் அர்த்தம் தானாகப் பின்னாலேயே வரும்.

இப்போது உரிப் பத்தியை நிரப்பலாம். தொல்காப்பியர் சொன்ன உரிகள் எல்லாமே நிகழ்ச்சிகள். நீங்களும் நிகழ்வாகவே எழுதுங்கள்: காத்திருத்தல், திருப்பிக் கொடுத்தல், மறைத்து வைத்தல், சொல்லாமல் விடுதல். 'அன்பு', 'சுதந்திரம்' போன்ற சொல் வந்தால் அது ஊர்ப்பொருள். முதல் வரிக்கு நகர்த்துங்கள்.

நான்காம் வாரம்: கலையிடம் போவது

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. வாரநாள் காலையில் போனால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வருவதற்குள் நிம்மதியாக நின்று பார்க்கலாம். சீட்டு வாங்கும்போதே எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். இரண்டே இடம்.

முதலாவது, வெண்கலக் கூடத்தில் நடராசர். திருவாலங்காட்டிலிருந்து வந்த சோழர் காலத்துப் படிமம் இங்கேதான் இருக்கிறது. விளக்கப் பலகையைப் படிக்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் வரையுங்கள்; சாயல் வரவில்லை என்று அழிக்காதீர்கள். வரைந்த பின், கண் எங்கே திரும்பத் திரும்பப் போனது என்று ஒரு வட்டம் போடுங்கள். அதற்குப் பிறகே மரபு சொல்வதை வைத்து ஒப்பிடுங்கள். சைவ சித்தாந்த நூலான உண்மை விளக்கம் ஐந்தொழிலையும் இந்த வடிவத்தில் காண்கிறது: உடுக்கை படைத்தல், அமைந்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். உங்கள் வட்டம் ஊன்றிய பாதத்தின் மீதோ, அதன் கீழே கிடக்கும் முயலகன் மீதோ விழுந்திருக்கலாம். மரபு தவறு என்றோ நீங்கள் தவறு என்றோ இதற்குப் பொருள் இல்லை. மரபு முழு உருவத்துக்கும் கணக்குச் சொல்கிறது. உங்கள் கண் இன்றைக்கு அதில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்த இடத்தை மூன்று வாரப் பதிவுகளோடு சேர்த்துப் படியுங்கள்.

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்கள். குறியீடு பற்றிச் சென்னையில் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம் இந்தச் சுண்ணாம்புக் கற்களில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. முற்காலச் சிற்பங்களில் புத்தர் மனித உருவில் வருவதில்லை. வெற்று ஆசனம் இருக்கும், பாதச் சுவடு இருக்கும், போதிமரம், அறவாழி (தர்மச் சக்கரம்) இருக்கும். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் அந்த வெற்றிடத்தை நோக்கிக் கைகூப்பியிருப்பார்கள். ஆள் இல்லை, ஆனால் இருப்பது தெரிகிறது. பிற்காலக் கற்களில் உருவம் வந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு உறைக்கும்.

அன்று மாலையே இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். உங்களுக்கு நெருக்கமான ஒருவரை, அவர் உருவத்தையோ பெயரையோ போடாமல், மூன்று பொருளால் வரையுங்கள். அவர் உட்காரும் நாற்காலி, செருப்பு விடும் மூலை, டம்ளரைக் கவிழ்க்கும் விதம். தொழிலைக் காட்டும் பொருளை எடுக்காதீர்கள். ஸ்டெதாஸ்கோப் போட்டால் அது எந்த டாக்டராகவும் ஆகிவிடும். வீட்டில் இன்னொருவரிடம் காட்டி யார் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் குறியீடு வேலை செய்கிறது. பலருக்கு ஆறு வாரத்தின் முக்கியமான பக்கம் இதுவாகத்தான் அமைகிறது.

நேரம் இருந்தால் மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கும் போய்வரலாம். ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்டது. பாறையை நெம்பும் நால்வரில் உங்கள் உடம்பு யாரைப்போல நிற்கப் பார்க்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வாரம்: வரைந்து குறைப்பது

தேர்ந்தெடுத்த பொருளை 5 செ.மீ. கட்டங்களில் பன்னிரண்டு முறை வரையுங்கள், நாளுக்கு இரண்டு வீதம். முதல் கட்டத்தில் எல்லா விவரமும் இருக்கட்டும். அடுத்த ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள். தூக்கின் நிழல் போகும், பளபளப்பு போகும், கைப்பிடி போகும். எதை எடுக்கும்போது "இது இனி அது இல்லை" என்று தோன்றுகிறதோ, அங்கே நிறுத்தி ஒரு கட்டம் பின்னால் வாருங்கள். எடுக்க முடியாமல் நின்ற அந்தக் கோடுதான் உங்கள் குறியீடு. அது மூடியாக இருக்கலாம். மூடிக்கும் வாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளியாகவும் இருக்கலாம்.

இங்கே கெடுவது, ஏழாவது எட்டாவது கட்டத்தில் ஏதோ கம்பெனி லோகோ போல வழவழப்பாக மாறிவிடுவது. கை அழகுபடுத்தத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இடது கையால் ஒரு கட்டம் வரைந்துவிட்டுத் தொடருங்கள். இடது கைக்காரர் வலது கையால்.

இந்த வாரத்தில் ஒருநாள் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவானது. 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் ஜாதகக் கட்டம் போலவும், கணக்குப் பலகை போலவும், எழுத்து போலவும் இருக்கும்; ஆனால் படிக்க முடியாது. படித்துப் பொருள் காண முயல்கிறவருக்கு அவை பிடி கொடுக்காது. உங்கள் குறியீட்டையும் உடனே யாருக்கும் விளங்க வைக்க வேண்டியதில்லை என்ற துணிவு இப்படிப்பட்ட ஓவியங்களிலிருந்து கிடைக்கும்.

ஆறாம் வாரம்: கோலத்தில் வைத்துப் பார்ப்பது

காகிதத்தில் பிடித்ததைத் தரையில் கை முழுவதையும் அசைத்துப் போடும்போது அது வேறு விதமாகப் பதிகிறது. சிக்குக் கோலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதில் பொருளின் படம் இருக்காது. கோட்டின் போக்கு மட்டும் இருக்கும்.

கணக்கு எளிது. நேர்ப்புள்ளியில் செவ்வகமாக வைத்து, அடுத்தடுத்த எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே கோடுகளை வெட்டிக்கொள்ள விட்டால், வரும் தனிக்கோடுகளின் எண்ணிக்கை இரண்டு பக்க எண்களின் மீப்பெரு பொது வகுத்திக்குச் சமம். 3×4 புள்ளிக்கு ஒரே கோடு. தொடங்கிய இடத்துக்குக் கையெடுக்காமல் வந்து சேரலாம். 3×3க்கு மூன்று தனிக்கோடுகள். 4×4க்கு நான்கு.

நீங்கள் 3×3 எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் மூன்று கோடுகளையும் மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்: ஒன்று அழுத்தி, ஒன்று லேசாக, ஒன்று விட்டுவிட்டு. இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டும் ஓர் இடத்தில், வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பினால் அவை ஒன்றாகிவிடும். அப்படிச் சேர்ந்த கோடும் மூன்றாவது கோடும் வெட்டும் இன்னோர் இடத்தில் இதேபோலச் செய்தால் மூன்றும் ஒரே கோடு. ஒரு கோடு தன்னையே வெட்டும் இடத்தில் இதைச் செய்தால் அது இரண்டாக உடையக்கூடும்; பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பன்னிரண்டு வெட்டும் இடங்கள் இருக்கின்றன. எந்த இரண்டைத் திருப்புவது என்பது உங்கள் முடிவு. மூடியை மனத்தில் கொண்டவர் மேல்வரிசையில் திருப்பலாம். எதிரெதிர் நின்று சேராத இருவரை நினைப்பவர் இடது ஓர வரிசையிலும் வலது ஓர வரிசையிலும் நேருக்கு நேராக இருக்கும் இரண்டு இடங்களில் திருப்பலாம்.

தரையில் போடும்போது புள்ளிக்குப் புள்ளி மூன்று விரல் அகலம் விடுங்கள்; முக்கால் அடிச் சதுரத்தில் அடங்கும், அடுக்குமாடி வீட்டு வாசலுக்குப் போதும். தண்ணீர் தெளித்து, பளபளப்பு மறையும் வரை பொறுங்கள். ஈரம் மிகுந்தால் மாவு கட்டியாகும், காய்ந்தால் காற்றில் போகும். மிக நைசான மாவு விரலில் ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டு விழும். சற்றே கொரகொரப்பானது சீராக இறங்கும். வழவழப்பான டைல்ஸ் தரையானால் மாக்கோலம் நல்லது: ஒரு பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்துப் பால் பதத்துக்குக் கரைத்து, சிறு துணியில் நனைத்து மோதிர விரல் வழியே இழுக்கலாம்.

ஏழு நாள் தொடர்ந்து அதே கோலம். வீட்டில் அமாவாசை அன்றும் திதி அன்றும் கோலம் போடாத வழக்கம் இருந்தால் அதை மதியுங்கள். வெறும் வாசலைப் பார்ப்பதும் பயிற்சிதான். ஒவ்வொரு நாளும் போட்டு முடித்ததும் ஐந்து பத்தியில் ஒரு பதிவு. ஏழாம் நாளும் கை அந்தத் திருப்பத்தில் ஒரு கணம் தயங்கினால், அல்லது வேகமெடுத்தால், நீங்கள் எழுதிய உரி அங்கே இருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த பொருளை எடுத்து ஐந்தாம் வாரத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

கவனிக்க வேண்டியவை

சில வடிவங்கள் வெளியே போனதும் உங்களுடையவையாக இருக்காது. உங்களுக்கு உதயசூரியன் என்றால் தாத்தா வீட்டுக் காலை, இரட்டை இலை என்றால் பால்கனித் தொட்டிச் செடி என்று இருக்கலாம். வாசல் சுவரில் வரைந்தால் தெருவே அதைக் கட்சிச் சின்னமாகத்தான் படிக்கும். இப்படிப்பட்டவற்றை நோட்டுக்குள் வையுங்கள். மற்றவர்களின் வழிபாட்டுச் சின்னங்களை அழகுக்காக எடுத்து மாற்றி வரைவதையும் தவிர்த்துவிடுங்கள்.

எழுதிய உரி ஆறு மாதம் கழித்து மாறியிருந்தால் பழையதை அடிக்காதீர்கள். தேதி போட்டு அடியில் புதியதை எழுதுங்கள். ஒரு கல்யாணமோ ஒரு மரணமோ வீட்டில் நடந்தால் மாறத்தான் செய்யும்.

பார்க்கும் எண்கள், காக்கைகள், வண்டிப் பலகைகள் எல்லாம் தனக்கு மட்டும் செய்தி சொல்வதாகத் தோன்றத் தொடங்கி, தூக்கம் கெட்டு, பயம் வந்தால் உடனே இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த முறை பார்வையைக் கூர்மையாக்குவதற்கு. அச்சத்தை வளர்ப்பதற்கு அல்ல.

கிடைத்த குறியீட்டைப் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு வருடமாவது பொறுங்கள். அதுவரை பேனாவில் கையில் வரைந்து, எந்த இடத்தில் அடிக்கடி பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். தமிழ்நாட்டில் முன்பு கையில் குத்திய பச்சையிலும் கோல வடிவங்கள் உண்டு. முன்கை அதற்கு ஏற்ற இடம்தான். மை காலப்போக்கில் தோலுக்குள் சற்றுப் பரவும். நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். மூன்று புள்ளிக் கோலத்தை நகத்தளவில் சுருக்காமல் உள்ளங்கை அகலத்துக்கு விடுங்கள். நீங்கள் திருப்பிவிட்ட அந்த இரண்டு இடங்களில் கோடுகளுக்கு நடுவே இடைவெளி நன்றாகத் தெரியும்படி வரைந்து காட்டிவிட்டு, பிறகு ஊசி எடுக்கச் சொல்லுங்கள்.